எங்க ஆயில் வேண்டாம் மேடம்

நேற்று உங்கள் பட்டறையில் என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர், “ஸ்போர்ட்ஸ் காருக்கு எது பெஸ்ட் ஆயில் மேடம்?” என்று கேட்டார். கிளம்புகிற அவசரத்தில், “வண்டியோட மேனுவலைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெருமாள்மலை தாண்டும்போதே அது அரைப் பதில் என்று உறைத்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொடைக்கானலில் ஒரு பட்டறையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்து, சர்வீஸ் அட்வைசராக ஓய்வு பெற்றவள். வண்டிக்காரர் சொல்வதை மெக்கானிக்குக்குப் புரியவைப்பதும், மெக்கானிக் சொல்வதை வண்டிக்காரருக்குப் புரியவைப்பதும் என் வேலை. இரண்டு பேரும் கோபித்துக்கொள்வது இடையில் நிற்கிற ஆளிடம்தான். நீங்களும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறீர்கள். அதனால்தான் ஆயில் டப்பாக்களைப் பற்றிச் சொல்லாமல், நான்கைந்து மனிதர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அந்தோணி அண்ணன் பூண்டு வியாபாரி. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் தோட்டத்திலேயே மலைப்பூண்டை விலை பேசி, வடுகபட்டி சந்தைக்கு இறக்குகிறவர். அவருடைய ஜீப்பும் பிக்கப்பும் எங்களிடம்தான் சர்வீஸுக்கு வரும். ஒரு மார்கழியில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றது சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாக இருந்த ஒரு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில். பழைய ஜப்பான் வண்டி, பெங்களூரில் கைமாறியது. அண்ணனுக்குப் பெரிய உடம்பு. உள்ளேயிருந்து வெளியே வர எங்கள் மெக்கானிக் பாண்டி கை கொடுக்க வேண்டியிருந்தது.

“என்னண்ணே, இதுல எத்தன மூட்டை ஏத்துவீங்க?” என்றான் பாண்டி.

“சிரிக்காதலே. பாப்பாவுக்கு வாங்குனது.”

பாப்பா என்றது அவருடைய மகள் ரோஸ்லினை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அப்பாவின் ஜீப்பைப் பூம்பாறைக்கும் கொடைக்கானலுக்குமாக ஓட்டிப் பழகியவள். எதிரே வருகிற ஜீப் டிரைவர்கள் வளைவில் அவளைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். பயந்து ஒதுங்கியதில்லை. கோவைக்குப் பக்கத்தில் உள்ள பந்தயத் தடத்தில் பெண் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டம் ஒன்று வந்தது. அவரவர் வண்டியோடு வர வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் அந்தச் சிவப்பு வண்டி.

அதில் ஒரு கோளாறு. காலைக் குளிரில் இரண்டாவது கியர் விழாது. அழுத்திப் போட்டால் கரகரவென்று கடிக்கும். கீழே ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

“பிரிச்சா பாப்பா போக முடியாது. பிரிக்காம ஒடஞ்சு போனா வண்டியே போச்சு. நீதான் தங்கச்சி ஒரு வழி சொல்லணும்” என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பட்டறையில் முருகேசன் இருந்தார். பழனிக்காரர். ஒரு பெரிய ஆயில் கம்பெனியின் விற்பனையாளர். மலை முழுக்க அவர் ஏறி இறங்காத கடை இல்லை. நெற்றியில் திருநீறும் தோளில் லேப்டாப் பையுமாக வருவார். மாசக் கடைசி. டார்கெட் முடியாத முகம் எனக்குத் தெரியும். அந்தோணி அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வந்தார்.

“ஸ்போர்ட்ஸ் காரு. சாதா கியர் ஆயில் ஊத்திருப்பாங்க. எங்க ஃபுல் சிந்தெட்டிக் எழுவத்தஞ்சு தொண்ணூறு, ஜிஎல் ஃபைவ், அதப் போடுங்க மேடம். மேனுவல்ல ஜிஎல் ஃபோர்னுதான் போட்டுருக்கும். இது அதவிட ஒரு படி மேல.”

எழுபத்தைந்து தொண்ணூறு என்பது ஆயிலின் கெட்டித்தன்மை, ஜிஎல் என்பது அதன் ரகம். அவர் சொன்னபடியே மேனுவலில் ஜிஎல் ஃபோர் என்றுதான் இருந்தது. நாலு கேட்ட இடத்தில் ஐந்து போட்டால் நல்லதுதானே என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. ஆனால் பாண்டி அதற்குள் பழைய ஆயிலைக் கீழே இறக்கியிருந்தான். கறுத்து, பாகு போல, மூக்கைப் பிடுங்குகிற கந்தக நாற்றத்தோடு தட்டில் இறங்கிக் கிடந்தது. இரண்டு விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான். விரலில் பொன்னிறமாக மினுமினுத்தது.

“இது பித்தளைத் தூள்க்கா. கொஞ்சம் இருந்தா சகஜம்தான். இது கொஞ்சமா, நெறயவான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

தெரியவில்லை என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவன் அப்படிச் சொன்னதால்தான் நான் தயங்கினேன். நான் தயங்கியதைப் பார்த்து முருகேசனே தன் போனிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தார். “எங்க டெக்னிக்கல் டெஸ்க்கையே கேளுங்க மேடம். அவங்க வாயாலயே சொல்லட்டும்.”

வண்டிக்கு அடியில் இருந்த பாண்டிக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காத குரல். நான் யார் என்று சொல்லி, “உங்க சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் இங்கதான் பக்கத்துல இருக்காரு, அவருதான் நம்பர் குடுத்தாரு” என்றும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மேனுவலில் என்ன போட்டிருக்கிறது? கீழே இறங்கிய ஆயில் எப்படி இருந்தது? தூளா, துண்டா? ஆயில் வடிக்கிற மூடியின் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது? கடிப்பது குளிரிலா, சூடேறிய பிறகுமா? சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் தனியாகப் பின்னால் இருக்கிறதா, கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறதா? பாண்டி அடியிலிருந்தே பதில் சொன்னான். தூள்தான், துண்டு இல்லை. குளிரில் மட்டும்தான் கடிக்கிறது. டிஃபரன்ஷியல் பின்னால் தனியாக இருக்கிறது.

பிறகு சொன்னாள்: “அந்த கியர்பாக்ஸுக்கு எங்க ஆயில் வேண்டாம் மேடம்.”

முருகேசன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அஞ்சு நாலைவிடப் பெருசுங்கிறதெல்லாம் கணக்குப் பாடத்துல மேடம். இங்க ரெண்டும் வேற வேற வேலைக்கு. கியர் மாத்தும்போது ரெண்டு வேகத்தை ஒண்ணாக்குறது ஒரு பித்தளை வளையம். அது உரசிப் புடிச்சாத்தான் கியர் சத்தமில்லாம விழும். எங்க ஆயில் ரொம்ப வழுக்கும், வளையத்தைப் புடிக்க விடாது. அதுல இருக்குற கந்தக மருந்தும் பித்தளைக்கு ஆகாது. ஏற்கெனவே யாரோ அப்படி ஒண்ணைத்தான் ஊத்தியிருக்காங்க, அதுவும் கெட்டியா. உங்க ஊர்க் குளிர்ல அது நகரவே நகராது. வண்டி கம்பெனிக்காரன் கேட்ட ஜிஎல் ஃபோர் சிந்தெட்டிக்தான் போடணும். அது எங்ககிட்ட இல்ல.” போட்டிக் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லி, அவர்களிடம் இருக்கிறது என்றாள். “பின்னால இருக்குற டிஃபரன்ஷியலுக்கு எங்க ஜிஎல் ஃபைவ்தான் சரி. அத அங்க ஊத்துங்க. எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கணக்குன்னும் எடுத்துக்காதீங்க. சில வண்டில ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். அதுக்கு வேற ஆயில் கேப்பான்.”

ரோஸ்லின் அதற்குள் ஹோட்டலில் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். கையில் ஒரு எஞ்சின் ஆயில் டப்பா, பத்து அறுபது என்ற கெட்டி ரகம். பந்தயத்துக்கு இதுதான் என்று நண்பர்கள் வாங்கிக் கொடுத்ததாம். “ஆன்ட்டி, இதையும் கேளுங்களேன்” என்றாள். கேட்டேன்.

“காலைல கொடைக்கானல்ல ஸ்டார்ட் பண்ற வண்டி மேடம். அம்புட்டுக் கெட்டி எஞ்சினோட தலைக்கு ஏறவே நேரமாகும். அந்த எஞ்சினைச் செஞ்சவன் அஞ்சு முப்பதுங்குற இளக்கமான ஆயிலுக்குன்னு பாகங்களுக்கு நடுவுல இடைவெளி வச்சுச் செஞ்சிருக்கான். நல்ல ஃபுல் சிந்தெட்டிக் அஞ்சு முப்பது போதும். அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்கணும், தாண்டக் கூடாது. மலை இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு எஞ்சின்லயே புடிச்சு எறங்குவீங்கல்ல? அப்படி எறங்குனா எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். அடிவாரத்துல நிறுத்தி ஆறவச்சு அளவு பாத்துட்டுத் தடத்துக்குப் போகச் சொல்லுங்க.”

கடைசியாக நான் கேட்டேன்: “இத ஊத்துனா கியர் கடிக்கிறது நின்னுருமா?”

“தெரியாது மேடம். வளையம் தேஞ்சுருந்தா எந்த ஆயிலும் அத வளர்க்காது. மொத நாள்ல முடிவு பண்ணாதீங்க, கொஞ்சம் ஓடட்டும். குளிர்ல கடிச்சா பொறுக்கலாம். சூடேறுனப்புறமும் கடிச்சா நிறுத்திருங்க, அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் கூட வேண்டாம்.”

நன்றி சொல்லி வைத்தேன். பெயரைக் கேட்கவில்லை. முருகேசன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கம்பெனிப் பெண், அவர் காது கேட்க, நாலு பேர் முன்னால், எங்கள் சரக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டால் அவள் வேலைக்கே ஆபத்து. அது அவளுக்கும் தெரியும். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

“முருகேசன், மனசுல வச்சுக்காதீங்க” என்றேன்.

அவர் வாசல் வரை போனார். திரும்பி வந்து, “மாசக் கடைசி மேடம்” என்றார். அப்புறம், “இந்த அஞ்சு பெருசு, நாலு சிறுசுங்கிறத நான் எத்தன கடைல சொல்லிருப்பேன் தெரியுமா? ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல. அந்தப் புள்ளைக்கு என்ன தைரியம் பாருங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த ஜிஎல் ஃபோர் கொடைக்கானலில் இல்லை, வத்தலக்குண்டில் இல்லை, திண்டுக்கல்லிலும் இல்லை என்று போன் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது. மதுரையில் யாரிடம் இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் முருகேசன்தான். எதிராளியின் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிவதும் அவர் தொழில் அல்லவா. மறுநாள் மத்தியானம் அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பழனியில் தருகிற மஞ்சள் துணிப்பை. மேலே இரண்டு பஞ்சாமிர்த டப்பா. அதை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் எதிர்க் கம்பெனியின் ஆயில் டப்பாக்கள், செய்தித்தாளில் சுற்றி.

“யாராச்சும் பாத்தா எனக்குச் சோலி போயிரும் மேடம். வெரசா ஊத்திட்டு டப்பாவ ஒடச்சுப் போட்ருங்க.”

அந்தோணி அண்ணன் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டு, “இது எந்த கியருக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பதற்றத்துக்கு நடுவில் அது வேண்டியிருந்தது. பின்னால் இருந்த டிஃபரன்ஷியலுக்கும் எஞ்சினுக்கும் முருகேசனுடைய சரக்கையே வாங்கி ஊற்றினோம்.

அடுத்த நாள் வெள்ளனே அண்ணன் போன் பண்ணினார். ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த காலை. “தங்கச்சி, இன்னும் கடிக்குதே! இதுக்கா மதுரை வரைக்கும் ஆள் அனுப்புன?” பட்டறைக்கு வந்து நின்று சத்தம் போட்டார். இந்த இடத்தில்தான் நமக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இன்னொரு ஆயில், ஏதாவது ஒரு மருந்து, இல்லையென்றால் பிரித்துவிடலாம் என்று ஒரு அவசர முடிவு. வண்டிக்காரர் கத்துகிறபோது சும்மா இருப்பது வேலை செய்யாததுபோலத் தெரியும். மொத நாள்ல முடிவு பண்ணாதீங்க என்று அந்தக் குரல் சொல்லியிருக்காவிட்டால் நானும் எதையாவது செய்திருப்பேன்.

“ரோஸி, என்னைக் கூட்டிட்டுப் பூம்பாறை வரைக்கும் போ” என்றேன்.

போனோம். முதல் சில வளைவுகளில் கடித்தது. எஞ்சின் சூடேறுவதற்கும் கியர்பாக்ஸ் சூடேறுவதற்கும் நேர வித்தியாசம் உண்டு. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவுக்கு வந்த பிறகும் கியர் பெட்டி சில்லென்றுதான் இருக்கும். கிராமம் கண்ணில் படுகிற திருப்பத்துக்கு வரும்போது கடிப்பது நின்றிருந்தது. திரும்பி வருகையில் இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. அவள் வேண்டுமென்றே மேலும் கீழும் போட்டுப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாட்கள் போகப் போகக் காலைக் கடியும் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரோஸ்லின் நேராகக் கேட்டாள். “ஆன்ட்டி, தடத்துல தாங்குமா? ஆமா இல்லன்னு ஒண்ணு சொல்லுங்க.”

இந்தக் கேள்வி உங்கள் எல்லோரிடமும் ஒருநாள் வரும். ஆமாம் என்றால் அவள் முகம் மலரும். இல்லை என்றால் நான் தப்பித்துக்கொள்வேன். இரண்டும் எனக்குத் தெரியாத விஷயம். தெரிந்ததை மட்டும் சொன்னேன். “தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. பெட்டியையும் சூடேத்திட்டு எறங்கு. ரெண்டாவதுக்கு மாத்தும்போது கைய அவசரப்படுத்தாத. சூட்டுல ஒரு தடவ கடிச்சாலும் வெளிய வந்துரு. அந்த நேரத்துல வர மனசு வராது. இப்பவே முடிவு பண்ணிட்டுப் போ.”

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அண்ணன் என்னையும் பாண்டியையும் விடவில்லை. முன்னால் ரோஸ்லினின் சிவப்பு வண்டி போக, அண்ணனோடு ஜீப்பில் பழனிச் சாலை வழியாக இறங்கினோம். அடிவாரத்தில் பாலசமுத்திரத்துக்கு அருகே நிறுத்தி, வண்டி ஆறியதும் பாண்டி எஞ்சின் ஆயில் அளவைப் பார்த்தான். போனில் அந்தப் பெண் சொன்னபடியே எஞ்சின் ஆயிலைக் குடித்திருந்தது. மேல் கோடு வரை ஊற்றிக்கொண்டு போனோம்.

தடத்தில் வெயில். நாங்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ரோஸ்லின் நன்றாக ஓட்டினாள். எனக்குப் பந்தயம் தெரியாது, ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் சிவப்பு வண்டியைக் காட்டிப் பேசிக்கொண்டது கேட்டது. அந்தோணி அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் தானே ஓட்டுவதுபோல உடம்பைச் சாய்த்தார். கடைசி ஓட்டம். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. நேர்ச்சாலை முடிந்து வளைவுக்குள் போன வண்டி திடீரென்று வேகம் குறைந்து, கையைக் காட்டிவிட்டு, ஓரமாக உள்ளே திரும்பியது.

“ஏத்தா! இன்னும் ஒரு சுத்துதான!” அண்ணன் ஓடினார். நாங்களும் ஓடினோம்.

ரோஸ்லின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். “சூட்டுல கடிச்சுருச்சுப்பா. ஆன்ட்டி சொன்னாங்கல்ல.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வார்த்தைதான் அந்தப் பெண்ணை ஒரு சுற்றுக்கு முன்னால் வெளியே இழுத்திருக்கிறது. அந்தப் பார்வையைத் தாங்குவது லேசாக இல்லை. முழு ஓட்டத்தையும் முடிக்காதவர்களுக்கு மதிப்பெண் இல்லை. அவள் தேர்வாகவில்லை. ஜீப்பில் அவள் பின்னாலேயே மலை ஏறினோம். பெருமாள்மலைக்கு வந்ததும் மூடுபனி. அதற்குள் முன்னால் அந்தச் சிவப்பு விளக்குகள் நிதானமாக, மூன்றாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தன.

இனி அவசரம் இல்லை என்பதால் சாமான் வரும்வரை காத்திருந்து பாண்டி பெட்டியைப் பிரித்தான். இரண்டாவது கியரின் பித்தளை வளையம் தேய்ந்து தாள்போல ஆகியிருந்தது. கியர் பற்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. பாண்டி வளையத்தை அண்ணன் கையில் கொடுத்தான். “இன்னும் ஒரு சுத்து ஓட்டிருந்தா இது ஒடஞ்சு பல்லுக்குள்ள போயிருக்கும்ணே. அப்புறம் பெட்டியே இல்ல.”

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தங்கச்சி, அன்னைக்குத் தடத்துல ஒன்னய ஒரு மாதிரி பாத்துட்டேன்” என்றார். “பரவாயில்லண்ணே” என்றேன். மறுநாள் என் மேஜையில் ஒரு பை நிறைய மலைப்பூண்டு இருந்தது.

புது வளையம் போட்டு, மறுபடியும் அதே ஆயிலை ஊற்றிய அன்றைக்கு டெக்னிக்கல் டெஸ்க்குக்கு அழைத்தேன். அதே குரல். கொடைக்கானல் என்றதுமே, “சிவப்பு வண்டிதான மேடம்? என்ன ஆச்சு?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். பெண் தேர்வாகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவள் மெதுவாக, “பல்லு கெடலையே?” என்றாள்.

“ஒண்ணுகூடக் கெடல.”

“அப்ப அடுத்த வருசம் போலாம் மேடம்.”

போகலாம் என்று அவள் எங்களை மட்டும் சொல்லவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். முகம் தெரியாத, கியர்பாக்ஸுக்குத் தன் கம்பெனி சரக்கு வேண்டாம் என்று தானே சொன்ன ஒரு வண்டிக்காக.

அடுத்த வருடம் போனோம். ரோஸ்லின் கடைசிச் சுற்று வரை ஓட்டினாள், தேர்வானாள். முடிவு தெரிந்ததும் அந்த எண்ணுக்குத்தான் முதலில் அழைத்தேன். வேறொருவர் எடுத்தார். அந்தப் பெண் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டாள் என்றார். பெயரைக் கேட்டேன். வெளியாருக்குச் சொல்லக் கூடாதாம். இன்றுவரை எனக்கு அவள் பெயர் தெரியாது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, என் வயதில் பாதிகூட இல்லாத அந்தக் குரலிடமிருந்து வந்தது. என்ன கேட்க வேண்டும், எதைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை, அடுத்த முறை வந்தபோது முருகேசனிடம் சொன்னேன். அவர் அவளைப் பற்றி மேலிடத்தில் ஒரு வார்த்தையும் போடவில்லை. மாறாக, ஏறி இறங்கிய கடைகளுக்கெல்லாம் திரும்பப் போய், எந்தப் பெட்டிக்கு எங்கள் ஜிஎல் ஃபைவ் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். “யாவாரம் படுத்துருக்குமே?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாள் படுத்துச்சு மேடம். இப்பல்லாம் நான் ‘ஆகும்’னு சொன்னா மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிறாங்க. ‘ஆகாது’ன்னும் சொல்ற ஆளுன்னு தெரிஞ்சு போச்சுல்ல” என்றார்.